பரண் மேல் ஒரு நீல சிலிண்டர்

சித்திரை பிறக்க இன்னும் நாலு நாள் இருந்தது. வருஷப் பிறப்புக்குள் பித்தளைப் பாத்திரங்களை இறக்கித் துலக்கி வைத்துவிடலாம் என்று ஸ்டோர் ரூம் பரண் மேல் ஏறினேன். பெரிய அண்டாவுக்குப் பின்னால், பழைய கம்பளியில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி ஏதோ ஒன்று கிடந்தது. கம்பளியை விலக்கினால்... நீல நிறத்தில் ஒரு சிலிண்டர்!

சமையல் காஸ் சிலிண்டர் இல்லை. அதைவிட ஒல்லி, ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான உயரம். பக்கத்திலேயே ஒரு அட்டைப் பெட்டி. அதில் பித்தளை மூக்குகள், உலோகப் பின்னல் போட்ட குழாய்கள், சிவப்பு மூடி வைத்த ஒரு ஸ்விட்ச், கத்தை கத்தையாக ஒயர்கள். எனக்கு ஏணியில் நின்ற கால் வெலவெலத்துப் போயிற்று. வீட்டில் இருப்பது நானும் என் மகனும்தான். நான் வைக்கவில்லை என்றால் வைத்தது யார் என்பதில் சந்தேகம் ஏது?

எங்களுக்கு ஊர் கோயமுத்தூர். என் வீட்டுக்காரர் சின்னதாக ஒரு கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். 2019இல் மாரடைப்பில் போய்விட்டார். அவர் விட்டுப் போனது ஒர்க்‌ஷாப் கடனும், 2003ஆம் வருஷத்து மாருதி எஸ்டீம் கார் ஒன்றும், அப்போது பத்தொன்பது வயதிலிருந்த ஒரு பிள்ளையும். கடனை அடைத்தேன். பிள்ளையைப் படிக்க வைத்தேன். இப்போது பம்ப்செட் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். காரை மட்டும் விற்க மனசு வரவில்லை.

அப்பா போன பிறகு பையன் பேச்சைக் குறைத்துவிட்டான். வேலை விட்டு வந்தால் சாப்பாடு, பிறகு ஷெட்டுக்குள் அந்தக் காருடன் ராத்திரி பதினொரு மணி வரை. "தூங்கலையா கண்ணு?" என்றால் "இதோம்மா" என்பான். அவ்வளவுதான் எங்கள் சம்பாஷணை. போகட்டும், கெட்ட பழக்கம் எதுவும் இல்லையே என்று நானும் சமாதானம் செய்துகொண்டேன்.

என் தங்கை ஆஸ்பத்திரியில் தியேட்டர் நர்ஸ். சினிமா தியேட்டர் இல்லை, ஆபரேஷன் தியேட்டர்! உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நீலமா? மேலே என்ன எழுதியிருக்குன்னு படி, பார்க்கலாம்."

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். "என்... ரெண்டு... ஓ..."

"நைட்ரஸ் ஆக்ஸைடுக்கா! நாங்க ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிற காஸ். எங்ககிட்டேயும் நீல சிலிண்டர்லதான் வரும். சிரிப்பு வாயுன்னு சொல்வாங்களே, அதேதான். இவனுக்கு எதுக்கு அது?"

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தணித்து, "அக்கா, கோபிச்சுக்காதே. பசங்க சில பேர் இதைப் போதைக்காக முகர்றாங்க. அவன் கை கால் மரத்துப் போகுதுன்னு சொன்னானா? நடையில தள்ளாட்டம் இருக்கா?" என்று கேட்டாள்.

சகோதரிகளே, அந்த ஒரு நிமிஷம் எனக்கு உயிரே இல்லை. இந்த வாயுவைத் திரும்பத் திரும்ப முகர்ந்தால் உடம்பில் இருக்கும் பி12 வைட்டமின் வேலை செய்யாமல் போய்விடுமாம். அது போனால் நரம்புக்கு மேல் இருக்கும் உறை கெட்டு, கால் மரத்து, நடையே தடுமாறும். சைவச் சாப்பாடு சாப்பிடுகிற நம் வீடுகளில் பி12 ஏற்கெனவே குறைவாக இருப்பவர்கள் அநேகம். பிரிட்டனில் இளைஞர்களிடம் இந்தப் பழக்கம் பெருகிப் போய், 2023 நவம்பரில் சட்டம் போட்டே தடுத்திருக்கிறார்கள். இதெல்லாம் தங்கை சொல்லித்தான் தெரிந்தது.

"குழாயும் ஒயரும் கூட இருக்குதேடி" என்றேன்.

"அப்போ அது முகர்றதுக்கு இல்லைக்கா. கார் சமாசாரமா இருக்கும். எதுக்கும் அதை அந்த ஆஸ்பெஸ்டாஸ் சூட்டிலேருந்து முதல்ல இறக்கச் சொல்லு" என்றாள். பாதி உயிர் திரும்பி வந்தது.

அன்று ராத்திரி அவனுக்குப் பிடித்த தக்காளிச் சட்னியும் தோசையும் செய்தேன். மூன்றாவது தோசை தட்டில் விழும்போது, "பரண் மேல இருக்கிறது என்ன கண்ணு?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

கை அப்படியே நின்றுவிட்டது. "அது... காருக்கும்மா. உனக்குச் சொன்னாப் புரியாது."

இந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. அவன் அப்பா ஒரு நாளும் என்னை அப்படிச் சொன்னதில்லை. ராத்திரி சாப்பிடும்போது அன்றைக்கு வந்த வண்டிக்கு என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தார் என்று கதை போலச் சொல்வார். கார்ப்பரேட்டர், கிளட்ச் எல்லாம் நான் கற்றுக்கொண்டது சோற்றுத் தட்டுக்கு முன்னால்தான்.

"புரியும்படி சொல்லு. புரிஞ்ச பிறகு வேண்டாம்னு சொல்றதா, சரின்னு சொல்றதான்னு நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

முதலில் தயங்கினான். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து படம் போட ஆரம்பித்தான். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. மூன்று வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய பேச்சை எல்லாம் கூட்டினாலும் அந்த ஒரு ராத்திரிக்கு வராது!

அவன் சொன்னதை நம் அடுப்படிப் பாஷையில் சொல்கிறேன். விறகடுப்பு மந்தமாக எரிந்தால் என்ன செய்வோம்? ஊதுகுழலை எடுத்து ஊதுவோம். காற்று போனால் தீ எழும்பும். கார் என்ஜினும் அப்படித்தான். பெட்ரோலைக் கூட விடுவது சுலபம், ஆனால் அதை எரிக்கக் கூடுதல் காற்று வேண்டும். வெளிக்காற்றில் ஆக்ஸிஜன் நூற்றுக்கு 21 பங்குதான். இந்த நைட்ரஸ் ஆக்ஸைடை என்ஜினுக்குள் விட்டால், சுமார் 300 டிகிரி சூட்டில் அது நைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் உடைகிறது. உடைந்தால் நூற்றுக்கு 33 பங்கு ஆக்ஸிஜன்! அது மட்டுமல்ல, திரவமாக இருப்பது ஆவியாகும்போது பூஜ்யத்துக்குக் கீழே 88 டிகிரி வரை குளிர்ந்து, உள்ளே போகிற காற்றையும் குளிர வைக்கிறது. குளிர்ந்த காற்று நெருங்கி நிற்கும், அதனால் அதே இடத்தில் இன்னும் அதிகமாக அடங்கும்.

எங்கள் எஸ்டீமுக்கு 85 குதிரை சக்தி. இந்த 'கிட்' இன்னும் 50 குதிரைகளைப் பூட்டுமாம். 402 மீட்டர் தூரத்தை யார் முதலில் கடப்பது என்கிற பந்தயத்துக்காகவே உண்டானது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர்கள், காற்று மெலிந்த உயரத்தில் விமான என்ஜின் சோர்ந்து போகாமல் இருக்க இதே வாயுவை உபயோகித்தார்களாம். 2001இல் வந்த ஒரு ஹாலிவுட் கார்ப் படத்துக்குப் பிறகு உலகம் முழுக்கப் பையன்களுக்கு இதன் மேல் பைத்தியம்.

"ஒரு சிலிண்டர் எத்தனை நேரம் வரும்?" என்று கேட்டேன்.

"முழுசா நிரப்பினா நாலரைக் கிலோ. விடாம அழுத்தினா... மூணு நிமிஷம்."

"மூணு நிமிஷமா! இதுக்கு என்ன கொடுத்தே?"

"செகண்ட்ஹேண்ட்தாம்மா... பதினெட்டாயிரம்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவன் சிரித்துவிட்டான். அவன் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. மனுஷனை மயங்க வைக்கிற வாயு என்ஜினை மட்டும் எப்படி வெறிபிடித்து ஓட வைக்கும்? தங்கைதான் மறுநாள் விளக்கினாள். நம் உடம்புச் சூட்டில் அந்த வாயு உடையவே உடையாது. அதற்குள் இருக்கும் ஆக்ஸிஜன் பூட்டிய பெட்டியில் இருக்கும் நகை மாதிரி, நமக்குப் பிரயோஜனமில்லை. அதனால்தான் ஆபரேஷனில் தனியாக ஆக்ஸிஜனைக் கலக்காமல் இதைக் கொடுக்கவே மாட்டார்கள். வெறும் வாயுவை மட்டும் சுவாசித்தால் சில நிமிஷங்களில் மூளை பட்டினி கிடந்துவிடும். 1844இல் ஹோரேஸ் வெல்ஸ் என்கிற அமெரிக்கப் பல் டாக்டர் தன் பல்லைப் பிடுங்கச் செய்து இதன் குணத்தைச் சோதித்தாராம்.

"உனக்கும் கொடுத்தாங்களேக்கா, 2000த்துல. கொடி சுத்திக்கிட்டுதுன்னு அவசரமா ஆபரேஷன் பண்ணி இவனை எடுத்தப்ப" என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் வலி தெரியாமல் இவனைப் பெற்றெடுக்க உதவிய அதே வாயுவைத்தான் இவன் கம்பளியில் சுற்றி என் பரணில் ஒளித்து வைத்திருந்தான்!

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்தது வேறு, நம்பிக்கை வருவது வேறு. என் வீட்டுக்காரரோடு முப்பது வருஷம் வேலை பார்த்த மேஸ்திரி அண்ணன் ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தொட்ட வயது. அவரை வரவழைத்தேன். "பெரியப்பாகிட்டே காட்டாம ஒரு திருகாணி மாட்டக் கூடாது" என்பதுதான் பையனுக்கு நான் போட்ட முதல் கண்டிஷன்.

அண்ணன் வந்து திண்ணையில் உட்கார்ந்து, சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முதலில் கேட்டது, "இதுல காஸ் இருக்குதா தம்பி?"

"காலின்னுதான் சொல்லிக் கொடுத்தாங்க பெரியப்பா."

"சொன்னா ஆச்சா? எடை போட்டுப் பாரு."

பழைய பேப்பர் கடைக்காரரின் தராசை வாங்கி வந்தோம். காலி எடை 15 பவுண்டு என்று சிலிண்டரிலேயே பொறித்திருந்தது, அதாவது 6.8 கிலோ. தராசு காட்டியது எட்டரைக் கிலோ! ஒன்றே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளே காஸ் இருந்தது. காலி என்று சொல்லி பார்சல் லாரியில் அனுப்பியிருக்கிறார்கள். அதைத்தான் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில், நாங்கள் தூங்கும் அறைக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம்.

சாதாரண நாளிலேயே இந்தச் சிலிண்டருக்குள் சதுர அங்குலத்துக்கு 750 பவுண்டு அழுத்தம் இருக்கும். கார் டயரைப் போல 25 மடங்கு! சூடு 36 டிகிரியைத் தாண்டிவிட்டால் உள்ளே இருப்பது திரவமாகவே நிற்காது, அழுத்தம் மளமளவென்று ஏறும். அளவுக்கு மீறினால் உடைந்து காஸை வெளியே விட்டுவிட, குக்கர் ஸேஃப்டி வால்வு போல ஒரு தகடு இதில் உண்டு. ஆனால் ஊர் பேர் தெரியாத கைகள் மாறி வந்த சிலிண்டரில் அந்தத் தகடு சரியானதுதானா என்று யார் சாட்சி சொல்வது?

அண்ணன் சிலிண்டரின் தோளைத் துடைத்துத் தேதியைப் படித்தார். கடைசியாகத் தண்ணீர் அழுத்தத்தில் சோதனை செய்தது 2009இல். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டியது.

"சரி, இதை மாட்டி எங்கே ஓட்டப் போறே?" என்று அடுத்த கேள்வியைப் போட்டார்.

பையன் தரையைப் பார்த்தான். "பைபாஸ்ல... ஞாயித்துக்கிழமை விடியக்காலை வண்டி இருக்காது. ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு மூணு பேரு..."

என் கையில் இருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் அழுதிருப்பேன், அவனும் எழுந்து போயிருப்பான்.

"உங்கப்பா போனப்ப அந்தக் கட்டில் பக்கத்துல நின்னவ நான். இன்னொரு தடவை அப்படி நிக்க எனக்குத் தெம்பில்லை கண்ணு. அதோட, விடியக்காலை பைபாஸ்ல பால் கேன் கட்டிட்டு சைக்கிள்ல வர்றவனுக்கும் வீட்டுல அம்மா இருப்பா" என்று மட்டும் சொன்னேன்.

மூன்று நாள் அவன் என்னோடு பேசவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டான், போனான். எனக்கு உள்ளுக்குள் பயம். மறுபடியும் அந்தப் பழைய மௌனத்துக்குள் போய்விடுவானோ? நான் கேட்காமலேயே இருந்திருக்கலாமோ? நாலாம் நாள் காலை, நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது வாசற்படியில் வந்து உட்கார்ந்தான்.

"ரோட்டுல ஓட்டலைம்மா. செட்டிபாளையம் டிராக்ல மட்டும்தான். பெரியப்பா சரின்னு சொன்ன பிறகுதான். அதுக்கு ஒத்துக்கறியா?"

1995இல் விமான விபத்தில் மறைந்த பந்தய வீரர் கரிவரதனின் பெயரால் அமைந்த பந்தயப் பாதை அது. அப்பா இருந்தபோது இவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வேடிக்கை காட்டிய இடம். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. கை நீட்டினேன், அடித்துச் சத்தியம் செய்தான்.

முதல் வேலையாக மிச்சக் காஸை வெளியேற்றினோம். ஊருக்கு வெளியே அண்ணனின் காட்டுக்குக் கொண்டு போனோம். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், சமையல் காஸ் போலவே தரையோடு தேங்கும். அதனால் மேடான, காற்றோட்டமான இடமாகப் பார்த்து, எங்களை எல்லாம் காற்று வரும் பக்கம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தோல் கையுறை போட்டுக்கொண்டு, வால்வை அண்ணன் நூல் நூலாகத் திறந்தார். சுள்ளென்று வெயில் அடிக்கிறது, வால்வின் மேல் வெள்ளை வெளேரென்று பனி படர்கிறது! வெறுங்கையால் தொட்டிருந்தால் தீப்பட்டது போலத் தோல் வெந்துவிடுமாம். காலியானதும் சிலிண்டரைச் சோதனை நிலையத்துக்கு அனுப்பினோம்.

பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஷெட்டில் வேலை நடந்தது. நான் காப்பி கொடுக்கப் போகிற சாக்கில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

என்ஜினுக்குக் காற்றுப் போகிற குழாயில் துளை போட்டு மூக்கைத் திருகினார்கள். அந்த மூக்குக்கு இரண்டு குழாய்கள், ஒன்று காஸுக்கு, மற்றது பெட்ரோலுக்கு. "ஊதறதோட விறகும் வெக்கணும் அம்மிணி. வெறும் காஸ் மட்டும் போச்சுன்னா சூடு தாங்காம அலுமினியப் பிஸ்டன் ஓட்டையாப் போயிரும்" என்றார் அண்ணன். காஸும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மூக்குக்குள் போடுகிற ஊசித் துளைத் துண்டுகள். பழைய கிட்டில் வந்த துண்டுகளில் இரண்டு ஒன்றுக்கொன்று ஜோடியே இல்லை. அவற்றைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

அடுத்தது ப்ளக். வழக்கத்தைவிடச் சூட்டை வேகமாகக் கடத்துகிற ரகம் போட வேண்டும். தீப்பொறி விழுகிற நேரத்தையும் சற்றுத் தாமதப்படுத்த வேண்டும், 50 குதிரைக்கு இரண்டு டிகிரி என்று கணக்கு. ஏன் என்று கேட்டேன். "ஊஞ்சல்ல குழந்தையைத் தள்றீங்க. அது உங்களைப் பார்த்து வந்துட்டிருக்கும்போதே தள்ளினா மணிக்கட்டு போயிரும். போய்த் திரும்பற நேரம் பார்த்துத் தள்ளணும். காஸ் வேகமா எரியும், அதனால பிஸ்டன் மேலே வந்துட்டிருக்கும்போதே வெடிச்சிரக் கூடாது" என்றார். இதைவிட அழகாக யார் சொல்ல முடியும்?

ஆக்ஸிலேட்டரை அடி வரை மிதித்தால் மட்டும் இணைப்புக் கிடைக்கிற ஒரு ஸ்விட்ச். டாஷ்போர்டில் சிவப்பு மூடி போட்ட இன்னொரு ஸ்விட்ச். இரண்டும் சேர்ந்தால்தான் மின்சார வால்வு திறந்து காஸைப் போக விடும். டிக்கியில் சிலிண்டர் அசையாமல் உட்கார ஸ்டாண்டு. எல்லாம் மாட்டியாயிற்று. பார்க்க என்னவோ மாப்பிள்ளைக்குப் பொட்டு வைத்தது போலத்தான் இருந்தது.

"காஸ் கடைசில. முதல்ல வெறும் காத்தை விட்டுப் பார்க்கலாம்" என்றார் அண்ணன்.

கம்ப்ரஸர் குழாயைக் காஸ் லைனில் பூட்டினார்கள். மூக்கைக் கழற்றி வெளியே எடுத்து, நான் பிடித்திருந்த சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் அமிழ்த்தினார்கள். ஸ்விட்ச் போட்டால் குபுகுபுவென்று நுரை வர வேண்டும். போடாவிட்டால் ஒன்றும் வரக் கூடாது.

ஸ்விட்சைப் போடவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குமிழி. அப்புறம் இன்னொன்று. பிறகு மணி கோத்தது போல விடாமல்...

"அண்ணா, வருதே!" என்றேன்.

ஷெட்டில் யாரும் பேசவில்லை. வால்வைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே குக்கர் வெயிட் வால்வு போல ஒரு சின்ன அடைப்பான். அதன் முகம் தேய்ந்து, பிறைநிலா மாதிரி ஒரு வெட்டு. அதற்குள் ஊசிமுனை அளவு இரும்புப் பிசிறு ஒன்று மாட்டியிருந்தது. வெளியே பார்க்கப் புதிது போல மினுமினுப்பு!

ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் காஸ் கசிந்துகொண்டே இருக்கும். வண்டி நிற்கும்போது என்ஜினின் காற்றுக் குழாய்க்குள் போய்த் தேங்கும். மறுநாள் சாவியைத் திருகினால் பெட்ரோல் ஆவியோடு சேர்ந்து குழாயே வெடித்து பானட்டைத் தூக்கும் என்றார் அண்ணன். பையன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"நான் தனியா மாட்டியிருந்தேன்னா..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. சோப்புத் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு வந்து அவன் தலையைத் தடவினேன். கை முழுக்க கிரீஸ் வாடை, அவன் அப்பாவின் வாடை.

அந்த வாரமே சோதனை நிலையத்திலிருந்தும் தகவல் வந்தது. சிலிண்டர் தேறவில்லை. தேறியிருந்தாலும் அதை நிரப்புவது சுலபமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. 2016ஆம் வருஷத்து காஸ் சிலிண்டர் விதிகளின்படி அனுமதி பெற்ற சிலிண்டரில்தான் அனுமதி பெற்றவர்கள் நிரப்ப வேண்டும். தவிர, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி தயாரித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்தியிருக்கிறது. அப்படி மாற்றிய வண்டி ரோட்டில் யார் மேலாவது மோதினால், இன்ஷூரன்ஸ்காரர் கையை விரிக்கவும் இடம் உண்டு.

விற்றவருக்குப் போன் செய்தான். பணத்தைத் திருப்பித் தர முடியாது, வேண்டுமானால் "வேற யாருக்காவது தள்ளிவிடு தம்பி, நிறையப் பேர் கேட்கறாங்க" என்றாராம். பதினெட்டாயிரம் ரூபாய்! அவனுக்கு அது கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். எனக்கே ஒரு கணம் சபலம் தட்டியது. பாதிக் காசாவது வருமே...

"வேண்டாம்மா. இதை வாங்கறவன் வீட்டுப் பரண்லயும் ஒரு அண்டா இருக்கும்" என்றான் அவன்.

சிலிண்டர் மறுபடியும் உபயோகப்படாதபடி சோதனை நிலையத்திலேயே அதை நசுக்கச் சொல்லிவிட்டான். வால்வை லேத்தில் கொடுத்து நடுவே அறுத்து வாங்கி வந்தான். அந்த இரண்டு பாதிகளும் இப்போது எங்கள் ஷோகேஸில், கொலு பொம்மைகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. வருகிறவர்கள் என்ன என்று கேட்டால் நான்தான் விளக்கம் சொல்கிறேன்!

இதே மாதிரிப் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர்கள் கொண்டு வருவது காஸ் கிட்டாக இல்லாமல் வேறு எதுவாகவோ இருக்கலாம். என் அனுபவத்தில் இரண்டொரு விஷயம் சொல்கிறேன்.

அழுத்தமான எந்தச் சிலிண்டரையும் வெயிலிலோ, பரணிலோ, மூடிய அறையிலோ வைக்க விடாதீர்கள். காலி என்று யார் சொன்னாலும் எடை போட்டுப் பாருங்கள். சோதனைத் தேதியைப் படியுங்கள். குக்கரை செகண்ட்ஹேண்டில் வாங்கினால் முதலில் கேஸ்கெட்டையும் வால்வையும் மாற்ற மாட்டோமா? அப்படித்தான் இதுவும், பளபளப்பை நம்பக் கூடாது. உடம்புக்கு உபயோகப்படுகிற வாயுவாயிற்றே என்று விளையாட்டுக்குக் கூட முகர விடாதீர்கள். கை கால் மரத்துப் போகிறது என்று பிள்ளை சொன்னால் அலட்சியம் செய்யாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட, "உனக்குப் புரியாது" என்று அவர்கள் சொன்னால், "புரியும்படி சொல்லு" என்று சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். நான் அன்றைக்கே சிலிண்டரைத் தூக்கித் தெருவில் எறிந்திருந்தால், அவன் இன்னொன்றை நண்பன் வீட்டில் வைத்து மாட்டியிருப்பான். அந்தக் குமிழிகளைப் பார்க்க அங்கே யார் இருந்திருப்பார்கள்?

காற்றுக் குழாயில் போட்ட துளையை அடைத்து, புதுக் குழாயே மாற்றிவிட்டார் அண்ணன். போன மாதம் எங்கள் எஸ்டீம் செட்டிபாளையம் பாதையில் ஓடியது. காஸ் இல்லை, கீஸ் இல்லை. கம்பெனி கொடுத்த அதே 85 குதிரைகள். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு நானும் தங்கையும் அண்ணனும் போயிருந்தோம். பையன் ஜெயிக்கவில்லை, கடைசிக்கு முந்தின இடம்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்தவன் முதலில் கேட்டது, "அம்மா, இரண்டாவது வளைவுல கியர் மாத்தினது சரியா இருந்துச்சா?"

என்னிடம் கேட்டான்!

"கொஞ்சம் லேட்டு கண்ணு" என்றேன்.